புது பேட்டரி போட்டும் வண்டி எடுக்கவில்லை: பழுது பேட்டரியிலா, ஆல்டர்னேட்டரிலா, ஒயரிலா?

நீங்கள் கேட்டது இது: பன்னிரண்டு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். ஒரே வருடத்தில் இரண்டாவது பேட்டரி போட்டாச்சு. தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை, இரண்டு நாள் நிறுத்திவிட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. இரவில் ஓட்டும்போது டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மிக மங்கலாகத் தெரிகிறது, பகலில் தெரிவதில்லை. ஒரு கடையில் பேட்டரி தரமில்லை என்கிறார்கள். இன்னொரு கடையில், எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் தள்ளி வையுங்கள். இருவருமே வோல்ட் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. சார்ஜிங் பழுதில் காசு வீணாவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பேட்டரி, பெல்ட், ஆல்டர்னேட்டர், ஒயர், எர்த் (பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் நெகட்டிவ் இணைப்பு) எல்லாம் ஒரே வட்டத்தில் இருப்பவை. எது கெட்டாலும் ஓட்டுகிறவருக்குத் தெரிவது 'வண்டி எடுக்கவில்லை' என்ற ஒரே விஷயம்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால், எங்கே பழுது என்பதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்து என் சந்தேகம் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு மேல். அது ஏன் என்று புரிய, அந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஞ்சின் பெல்ட் ஆல்டர்னேட்டரின் புல்லியைச் சுற்றுகிறது. உள்ளே சுழலும் ரோட்டரில் ஒரு காயில் இருக்கிறது. இரண்டு கார்பன் பிரஷ்கள் வழியாக அதற்குச் சின்ன அளவு மின்சாரம் போய் அதைக் காந்தமாக்குகிறது. அந்தக் காந்தம் சுழல, சுற்றியிருக்கும் மூன்று காயில்களில் ஏசி மின்சாரம், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், உண்டாகிறது. பேட்டரிக்கு ஏசி ஆகாது. அதனால் பொதுவாக ஆறு டயோடுகள் கொண்ட ஒரு பிளேட் அதை ஒரே திசையில் ஓடும் டிசியாக மாற்றுகிறது. டயோடுக்கு இன்னொரு வேலையும் உண்டு: எஞ்சின் நின்றிருக்கும்போது பேட்டரியில் இருக்கும் மின்சாரம் திரும்ப ஆல்டர்னேட்டருக்குள் ஓடாமல் தடுப்பது. ரெகுலேட்டர் ரோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து, வெளியே வரும் வோல்டேஜை 14 வோல்ட் பக்கத்தில் வைத்திருக்கிறது.

மீட்டரை எடுப்பதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'வண்டி நிற்கவில்லை, அப்படியென்றால் டைனமோ நல்லாத்தான் இருக்கு' என்று சோதிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். யாராவது உங்கள் வண்டியில் இதைச் செய்ய வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். டைனமோ வைத்த, எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வண்டிகளின் காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது டெர்மினலைப் பிடுங்கினால், ரோட்டரில் இருக்கும் காந்த சக்தி உடனே அடங்காது. பேட்டரி இல்லாத லைனில் ஒரு நொடியில் சிறு பங்கு நேரத்துக்கு வோல்டேஜ் பல மடங்கு எகிறும். ரெகுலேட்டர், ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்), ஏர்பேக் யூனிட், மியூசிக் சிஸ்டம் எதை வேண்டுமானாலும் அது எரித்துவிடும். நல்ல டயோடையும் இந்தச் சோதனையே கெடுத்துவிடும். அதோடு, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரி ஹைட்ரஜன் விடும். அதன் பக்கத்திலேயே பொறி பறக்கும். இவ்வளவுக்குப் பிறகும் வோல்டேஜ் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று இந்தச் சோதனை சொல்லப்போவதில்லை. ஆல்டர்னேட்டரின் அவுட்புட் போல்ட்டை ஸ்க்ரூடிரைவரால் பாடியில் தட்டிப் பொறி வருகிறதா என்று பார்ப்பதும் இதே ஆபத்துதான்.

சரி, அளவுக்கு வருவோம். முதலில் பேட்டரி. ராத்திரி நிறுத்தி, காலையில் சாவி போடுவதற்கு முன் என்ன இருக்கிறதோ அதுதான் உண்மையான அளவு. ஓட்டி நிறுத்திய உடனே பார்த்தால் பேட்டரியின் மேல்மட்டத்தில் தங்கிய சார்ஜ் ஏமாற்றும். அவசரமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குக்குப் பக்கம். அரை வோல்ட்டுக்குள் பேட்டரியின் பாதி சார்ஜ் அடங்கிக் கிடப்பதால், மீட்டரில் புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணைக் கவனமாகப் படியுங்கள். மீட்டர் முனையை ஒயர் கிளாம்ப்பில் வைக்காமல், பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வைக்க வேண்டும். குமிழில் ஒரு அளவும் கிளாம்ப்பில் ஒரு அளவும் வந்தால் பழுதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்: டெர்மினலைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கடற்கரை ஊர்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும் உப்பினால் மட்டுமே எத்தனையோ நல்ல பேட்டரிகள் மாற்றப்படுகின்றன.

அடுத்து ஒருவரைச் சாவி போடச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது மீட்டரைப் பாருங்கள். முழு சார்ஜ் உள்ள பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் நல்ல பேட்டரி 10க்கு மேலேயே நிற்கும். 12.6 காட்டிவிட்டு செல்ஃப் அடித்ததும் 8க்கு விழுந்தால் பெரும்பாலும் பேட்டரிக்குள் செல் போயிருக்கிறது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியாக இருந்தால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு செல்லையும் பார்க்கலாம். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் குறைந்திருந்தால் அது போன செல். பேட்டரி சார்ஜ் இறங்கியிருந்தால், மேற்கொண்டு எதையும் சோதிக்கும் முன் வெளியில் சார்ஜரில் போட்டு முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள். காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு ஆல்டர்னேட்டரை எடைபோட முடியாது.

இப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசி, லைட் எல்லாம் ஆஃப். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) பேட்டரி குமிழ்களில் 13.8 முதல் 14.5 வரை வந்தால் நல்லது. எஞ்சின் நின்றிருந்தபோது வந்த அளவே வந்தாலோ, நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போனாலோ சார்ஜ் ஆகவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டில் இல்லை. பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றுவது, பல்புகள் அடிக்கடி போவது, அழுகிய முட்டை நாற்றம் வருவது, பேட்டரியின் பக்கம் உப்புவது எல்லாம் அதன் அடையாளங்கள். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள்.

சென்னை மே மாத டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு வந்து பார்த்தால் 13.5 காட்டலாம். அது பழுது இல்லை. சூடான பேட்டரிக்கு அதிக வோல்டேஜ் கொடுத்தால் கெட்டுவிடும் என்பதால், சூடு ஏற ஏற ரெகுலேட்டர் தானே குறைத்துக்கொள்ளும். குளிர் நாடுகளில் எழுதிய கையேட்டில் உள்ள எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு இங்கே ஆல்டர்னேட்டரைக் கழற்றக் கூடாது.

அப்புறம் லோடு போட்டுப் பார்க்க வேண்டும். ஹெட்லைட் ஹை பீம், புளோவர் முழு வேகம், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் இருந்தால் அதுவும் போடுங்கள். ஐடிலில் 13 பக்கம் இறங்கினால் பயப்பட வேண்டாம். சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டர் 60 முதல் 90 ஆம்பியர் வரை என்று போட்டிருந்தாலும், அது வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியர், புளோவர், ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தால் 40ஐ எளிதில் தாண்டும். அதே லோடில் எஞ்சினை 2000 ஆர்பிஎம் வரை ரேஸ் செய்யுங்கள். 13.5க்கு மேல் ஏறி நின்றால் ஆல்டர்னேட்டருக்குத் தெம்பு இருக்கிறது. ரேஸ் செய்தும் 13ஐ எட்டவில்லை என்றால் பெல்ட், பிரஷ், டயோடு, காயில் இவற்றில் ஒன்று. நீங்கள் 100/90 வாட் பல்பு, ஆம்ப்ளிஃபயர் என்று மேலே மேலே ஏற்றியிருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த ஆல்டர்னேட்டர் கம்பெனி போட்ட லோடுக்குத்தான் அளவெடுத்தது.

உங்கள் வண்டி இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் பாஸ் ஆகிவிடும், அல்லது கொஞ்சம் குறைவாகக் காட்டும் என்று நினைக்கிறேன். இங்கேதான் பலர் 'சார்ஜ் வருதே, அப்போ பேட்டரிதான்' என்று முடித்துவிடுகிறார்கள். ஆறு டயோடில் ஒன்று போனால் ஆல்டர்னேட்டர் நின்றுவிடாது. மீதி டயோடுகளை வைத்துக்கொண்டு முனகலோடு ஓடும், வோல்ட்டும் ஓரளவு காட்டும். அதனால் கூடுதலாக இரண்டு சோதனை வேண்டும்.

முதலாவது, எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் பார்ப்பது. டயோடுகள் நன்றாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும். 0.5ஐத் தாண்டினால் டயோடு போயிருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதி. ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி, ஹெட்லைட் லேசாகத் துடிப்பது இரண்டுக்கும் இந்த ஏசி கசிவு காரணமாக இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: மலிவான சில மீட்டர்கள் ஏசியில் வைத்து டிசியைத் தொட்டாலே 25, 28 என்று எதையாவது காட்டும். முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு அதே இடத்தில் தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் காட்டாவிட்டால் முனைகளை மாற்றிப் பிடியுங்கள். அப்படியும் வராவிட்டால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

இரண்டாவதுதான் உங்கள் வண்டிக்கு மிக முக்கியம்: நிறுத்திய வண்டி எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பது. எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, குமிழுக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகி இணையுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். கதவைத் திறந்து மூடினால் யூனிட்கள் விழித்துக்கொள்ளும், அதனால் அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். கடிகாரம், அலாரம், ஈசியூ நினைவு எல்லாம் சேர்த்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 300, 500 என்று காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ, கசிவு அந்த லைனில். பின்னாளில் மாட்டிய ஸ்டீரியோவும் ஜிபிஎஸ் கருவியும் இங்கே அடிக்கடி பிடிபடும்.

உள்ளே இருக்கும் எந்த ஃபியூஸைப் பிடுங்கினாலும் அளவு விழவில்லை என்றால் பார்வையை ஆல்டர்னேட்டர் பக்கம் திருப்புங்கள். அதன் பின்னால் இருக்கும் தடித்த அவுட்புட் கேபிளில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும், சாவி ஆஃப் ஆனாலும் இருக்கும். ஆகவே மீட்டரை எடுத்து, பேட்டரி நெகட்டிவ் கேபிள் எதையும் தொடாதபடி ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த நட்டைக் கழற்றி கேபிள் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். மறுபடி மீட்டரை இணைத்து, யூனிட்கள் அடங்கக் காத்திருந்து பாருங்கள். அளவு 50க்குள் விழுந்துவிட்டால் டயோடு வழியாகத்தான் பேட்டரி ராத்திரி முழுக்க ஒழுகியிருக்கிறது. அரை ஆம்பியர் கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர் (Ah), இரண்டு நாளைக்கு 24. உங்கள் வண்டியில் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு காலி. தினமும் ஓட்டினால் தெரியாமல், இரண்டு நாள் நிறுத்தினால் மட்டும் படுத்துக்கொள்வது இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. பேட்டரிகள் சீக்கிரம் செத்ததற்கும் இதுவே காரணமாகலாம். ஈய அமில பேட்டரியை அடிக்கடி முக்கால்வாசி காலியாக்கி ஏற்றினால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். எந்தக் கம்பெனி பேட்டரி போட்டாலும் அதே கதிதான். இதில் கசிவு பெரிதாக இருந்தால், பல மணி நேரம் நின்ற வண்டியின் ஆல்டர்னேட்டரைக் காலையில் தொட்டாலே லேசான வெதுவெதுப்பு தெரியும்.

மங்கலாக எரியும் விளக்கும் இதே பக்கம் கைகாட்டுகிறது. உங்கள் காலத்து வண்டிகள் பலவற்றில் அந்த பல்பின் ஒரு முனை சாவியிலிருந்து வரும் பிளஸ், மறுமுனை ஆல்டர்னேட்டர். சார்ஜ் சரியாக வரும்போது இரண்டு பக்கமும் ஒரே வோல்ட், அதனால் எரியாது. ஒரு பக்கம் ஒன்றிரண்டு வோல்ட் குறைந்தால் பல்பு மங்கலாக எரியும், அதை இருட்டில்தான் கண் பிடிக்கும். டயோடு பழுது இதற்கு முதல் காரணம். சாவி சுவிட்சிலோ நடுவில் இருக்கும் கனெக்டரிலோ துரு ஏறி வோல்ட் குறைவது அடுத்த காரணம். சாவி போட்டு ஸ்டார்ட் செய்யாமல் இருக்கும்போது இந்த விளக்கு பளிச்சென்று எரிகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கிறது அல்லது லைன் அறுந்திருக்கிறது. சில வகைகளில் ரோட்டருக்கு முதல் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனதால் சார்ஜ் ஆகாமல், நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

கழற்றுவதற்கு முன் ஒயர் சோதனையையும் முடித்துவிடுங்கள். எஞ்சினை ரேஸ் செய்து லோடு போட்ட நிலையில், மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் அவுட்புட் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவ் குமிழிலும் வையுங்கள். சுற்றும் பெல்ட்டிலிருந்து கையும் மீட்டர் ஒயரும் தள்ளி இருக்கட்டும். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2க்குள். எர்த் பக்கம் அரை வோல்ட் காட்டினால், எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் பட்டைக் கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே வேலை முடிந்தது. ஆல்டர்னேட்டர் போல்ட்டில் 15க்கு மேல், பேட்டரியில் 12.3 மட்டும் என்றால் நடுவில் இருக்கும் பெரிய மெயின் ஃபியூஸ் போயிருக்கிறது. ஜம்பர் கேபிளைத் தலைகீழாக மாட்டிய வண்டிகளில் இது நடக்கும்.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துகிறதா, உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுகிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மழையில் மட்டும் சார்ஜ் குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது. வெள்ளத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் மட்டும் ஆல்டர்னேட்டரை உடனே திறந்து பார்க்கச் சொல்வேன். சேறு உள்ளே போய் பேரிங்கையும் பிரஷ் உரசும் வளையத்தையும் தின்றுவிடும், சத்தம் வருவதற்குச் சில மாதம் ஆகும்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் குழம்பக் கூடாது என்பதற்காக ஒன்று. இப்போதைய பல கார்களில் ஆல்டர்னேட்டரை ஈசியூவே நடத்துகிறது. பேட்டரி நெகட்டிவ் கிளாம்ப்பில் ஒரு சின்ன சென்சார் இருந்தால் பெரும்பாலும் அந்த வகை. ஒரே வேகத்தில் ஓடும்போது 12.7 காட்டும், ஆக்சிலரேட்டரை விட்டதும் 14.5க்கு மேல் போகும். எரிபொருள் மிச்சம் பிடிக்கக் கம்பெனியே அப்படி வைத்திருக்கிறது. மாருதி 2015இல் சியாஸில் கொண்டுவந்த எஸ்எச்விஎஸ் போன்ற முறைகளில் செல்ஃபும் ஆல்டர்னேட்டரும் பெல்ட்டில் ஓடும் ஒரே இயந்திரமாகவும் இருக்கும். இவற்றை ஸ்கேனர் இல்லாமல் தீர்மானிக்க முடியாது.

உங்கள் வண்டிக்குத் திரும்புகிறேன். டயோடு என்று உறுதியானால் முழு ஆல்டர்னேட்டர் வாங்க அவசரப்படாதீர்கள். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் டயோடு பிளேட்டை மட்டும் மாற்றித் தருவார், முழுசாக வாங்கும் விலையில் சிறு பங்கில் முடிந்துவிடும். திறந்த கையோடு கார்பன் பிரஷ் நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்; 5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், பேரிங் இரண்டையும் கையால் சுற்றி உறுமல் கேட்டால் அதையும். காயில் கறுத்து எரிந்த வார்னிஷ் வாடை அடித்தால் மட்டும் ரீகண்டிஷன் அல்லது புதுசு என்று யோசிக்கலாம். சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடத்தில் பழையதை எடுப்பதாக இருந்தால் தகட்டில் உள்ள ஆம்பியர், புல்லியில் உள்ள கோடுகளின் எண்ணிக்கை, கனெக்டர் பின் மூன்றும் உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா பார்த்து, பெஞ்சில் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

வேலை முடியும் வரை வண்டி நிற்கும் ராத்திரிகளில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள், பேட்டரி தப்பிக்கும். நடுவழியில் விளக்கு பளிச்சென்று எரிந்துவிட்டால் ஏசி, மியூசிக், தேவையில்லாத லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல் பக்கத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பகலில் நல்ல பேட்டரி அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தாங்கும், இரவில் ஹெட்லைட்டோடு அவ்வளவு கிடைக்காது. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் இருந்தால் வோல்டேஜ் குறையும்போது திடீரென்று கனத்துவிடும், அதனால் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். பெல்ட்டே அறுந்திருந்து அதே பெல்ட் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது என்றால் ஓட்டவே கூடாது, எஞ்சின் சூடாகிவிடும்.

ஆல்டர்னேட்டரைச் சரிசெய்து மாட்டும் முன் பேட்டரியை ஒரு ராத்திரி 4 ஆம்பியர் சார்ஜரில் போட்டு முழுசாக ஏற்றுங்கள். காலியான பேட்டரியை ஏற்றும் வேலையைப் புது டயோடு மேல் போட்டால் அது மணிக்கணக்கில் முழு லோடில் சூடேறும். மாட்டியதும் கடையிலேயே நான்கு அளவு எடுங்கள்: ஐடில் வோல்ட், லோடில் 2000 ஆர்பிஎம் வோல்ட், ஏசி வோல்ட், எல்லாம் அணைத்த பிறகு மில்லி ஆம்பியர். அந்த நான்கு எண்ணையும், இப்போது காலையில் எடுக்கும் பேட்டரி வோல்ட்டையும் எழுதி அனுப்புங்கள், இந்த இரண்டாவது பேட்டரி இன்னும் தேறுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.